தம்பிக்கு, கடையிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லோரும் நலம். உன் நலமறிய ஆவல். கையால் எழுதியிருக்கிறாரே என்று பார்க்காதே. கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால் உன் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். யூனிகோடில் அடிக்க எனக்கு விரல் வராது. வாட்ஸப்பில் போட்டாலோ நீலக் குறி விழுகிறது, பதில் வருவதில்லை.

முதலில் கம்ப்யூட்டர் விஷயம். தீபாவளிக்கு வந்து நீ விண்டோஸ் 11 ஏற்றிவிட்டுப் போனதிலிருந்து பிரிண்டர் படுத்திய பாடு பெரிய பாடு. கல்யாணப் பத்திரிகைக்கு புரூஃப் எடுக்கக் கொடுத்தால் பேப்பர் வராமல் ஃபைலுக்குப் பெயர் கேட்கும். பத்திரிகை வடிவமைக்கிற பேஜ்மேக்கரில் வரியெல்லாம் இடம் மாறி, மாப்பிள்ளையின் இனிஷியல் ஒரு வரியில், பெயர் அடுத்த வரியில். பெண் வீட்டுக்காரர் நேரில் உட்கார்ந்திருக்கிறார். உனக்குப் போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாய்.

கடைசியில் நானே கண்டுபிடித்தேன். செட்டிங்ஸில் பிரிண்டர் பக்கத்தில், எந்தப் பிரிண்டர் முதன்மை என்பதை விண்டோஸே முடிவு செய்யட்டும் என்று ஒரு பொத்தான் ஆனில் இருந்தது. கடைசியாக எதில் அடித்தோமோ அதையே அது பிடித்துக்கொள்கிறது. யாருக்கோ வாட்ஸப்பில் அனுப்ப ஒரு பிடிஎஃப் போட்டேன், அதோடு, பேப்பரில் அடிக்காமல் ஃபைலாகச் சேமிக்கிற பிடிஎஃப் பிரிண்டர்தான் முதன்மை என்று எடுத்துக்கொண்டது. நம் பேஜ்மேக்கரோ பிரிண்டரைப் பார்த்து வரி உடைக்கிற பழைய ஆள். பொத்தானை அணைத்து, லேசரை முதன்மையாக வைத்தேன். சரியாகிவிட்டது. இன்ஜினியர் பையனைப் பெற்றதற்கு எனக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது என்று அம்மா சொல்கிறாள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பழைய விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு எல்லாம் முடிந்தது என்றுதானே அவசரப்படுத்தினாய்? 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறதாமே. பக்கத்து ஜெராக்ஸ் கடைத் தம்பி அப்படித்தான் ஓட்டுகிறான். உனக்குத் தெரியாமலா இருக்கும்? பண்டிகை நாளும் அதுவுமாக, அத்தை வீட்டுக்குக்கூடப் போகாமல், விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியைப் பயாஸ் செட்டிங்ஸில் தேடிக்கொண்டு கடையிலேயே உட்கார்ந்திருந்தாய். பிடிக்கவில்லையென்றால் 10 நாளுக்குள் பழையதற்கே திரும்பலாம் என்றாய். அதுவும் கழிந்துவிட்டது. போகட்டும், இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது.

போன தீபாவளிக்கு இலை முன்னால் உட்கார்ந்தும் காதில் மாட்டியபடி மீட்டிங் பேசினாய். அம்மா திட்டினாள். இந்தத் தடவை ஆபீஸ் லேப்டாப் பையே வரவில்லை. ஒரு போன்கூட வரவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. அம்மாவும் கவனித்திருக்கிறாள், நான் சொல்லித் தெரிந்ததல்ல.

வாடகை ஒழுங்காகக் கட்டுகிறாயா? பெங்களூரில் முன்பணம் நிறைய வாங்குகிறார்கள், அதை விட்டுவிடாதே. கார்டில் ஏதும் பாக்கி இருந்தால் வட்டி கட்டாதே, என்னிடம் சொல். நேரத்துக்குச் சாப்பிடு. வாடகை மட்டும் நிற்கக் கூடாது. கடை வருமானம் முன்போல் இல்லைதான், எல்லாரும் போனிலேயே பத்திரிகை அனுப்பிவிடுகிறார்கள். ஆனாலும் நம் மூன்று பேருக்குக் குறைவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் என் மகன்தான் இதை ஏற்றிக் கொடுத்தான் என்றுதான் சொல்கிறேன். உண்மைதானே.

தையில் முகூர்த்தம் நெருக்கமாக இருக்கிறது. டிசைன் போட ஆள் தேடுகிறேன், அமையவில்லை. உன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே, செய்தி சொன்னேன்.

பொங்கல் டிக்கெட் 60 நாள் முன்னாலேயே திறந்துவிடும், மைசூர் வண்டியில் காலையிலேயே தீர்ந்துபோகும். மறக்காமல் எடு. வருவதற்கு மட்டும் எடு. திரும்புவதற்கு மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா
கும்பகோணம்