கிமோனோ இருக்கட்டும், முதலில் மலை ஏறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இருமல் ஒருவழியாக நின்றுவிட்டது.

நீ அனுப்பிய ஜப்பான் பயண நிரலைப் படித்தேன். காலையில் சைக்கிள், மதியம் கிமோனோ உடுத்திப் படம் எடுத்துக்கொள்வது, மாலையில் முக்கால் மணி நேரம் தேநீர்ச் சடங்கு, மறுநாள் படகு, அதற்கும் மறுநாள் முரசுப் பயிற்சி. உன் தோழிகள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்க்காமல் வரிசையாக வைத்துக்கொண்டே போகிறவர் போட்ட பட்டியல் மாதிரி இருக்கிறது இது. சாகசத்துக்கு ஒரு நேரம், பண்பாட்டுக்கு ஒரு நேரம் என்று பிரித்து மணி குறித்திருக்கிறார்கள். போன வசந்தத்தில் நான் ஒரு குழுவோடு போன குமானோ மலைகளில் அப்படிப் பிரிக்கவே வழியில்லை. அங்கே நடப்பதுதான் வழிபாடு. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

ஒசாகாவுக்குத் தெற்கே, கீ தீபகற்பத்தில் இருக்கிறது குமானோ. ஹொங்கு, ஹயதாமா, நாச்சி என்று மூன்று பெரிய கோயில்கள். அவற்றை இணைக்கும் மலைப்பாதைகள் 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. ஒரு காலத்தில் கியோட்டோவிலிருந்து அரசகுலத்தவரே பரிவாரத்தோடு வந்த வழி இது. அரியணை துறந்த பேரரசர் கோ-ஷிரகாவா முப்பது தடவைக்கு மேல் வந்திருக்கிறார். 1201இல், அவரைப் போலவே அரியணை துறந்த கோ-தொபாவோடு வந்த கவிஞர் ஃபுஜிவாரா தெய்க்கா நாட்குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். பாதை கடினம், உடம்பு முடியவில்லை என்று அதில் புலம்பியிருக்கிறாராம். முதல் ஏற்றத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அந்த ஏற்றம் தகிஜிரி என்ற இடத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து ஹொங்கு வரை நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. படிக்கட்டு என்று பெயர்தானே தவிர, பாதியும் தேவதாரு வேர்கள். மழை பெய்தால் கல்லெல்லாம் வழுக்கும், அந்தப் பக்கம் மழைக்கும் குறைவில்லை. ஆகவே ஓட்டப் பயிற்சிக்குப் போடும் காலணியை எடுத்துப் போகாதே; கணுக்காலைப் பிடிக்கிற பூட்ஸ் வாங்கு, இரண்டு கைத்தடியும் வாங்கு. பெட்டியைச் சுமக்க வேண்டாம். ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு வண்டியில் கொண்டுபோய்ச் சேர்க்க ஆட்கள் இருக்கிறார்கள். பழங்காட்டுக்குள் நடக்கப் போகிறோம் என்று கற்பனை செய்துகொள்ளவும் வேண்டாம். வழியில் பெரும்பகுதி மரத்துக்காக வரிசையாக நட்டு வளர்த்த தோப்புதான். இதை எந்த விளம்பரத் தாளும் சொல்லாது.

ஏறத் தொடங்கிய கொஞ்ச தூரத்தில் ஒரு பாறை இடுக்கு வரும். தவழ்ந்து நுழைந்து மறுபக்கம் வெளியே வரலாம். வந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் ஆகும் என்பது நம்பிக்கை. எனக்கு அந்த வயது எப்போதோ போயிற்று, இருந்தாலும் தவழ்ந்தேன். உன்னிடம் எதையும் சொல்லாமல் சொல்கிறேன் என்று நினைக்காதே.

குழு என்றால் பத்துப் பன்னிரண்டு பேர், பல நாட்டுக்காரர்கள். ஒரு ஜெர்மன்காரர் எல்லோரையும் முந்திக்கொண்டு போய், வழியில் வருகிற ஒவ்வொரு சிறு கோயிலிலும் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார். ஓஜி என்கிற இந்தச் சிறு கோயில்களில் முத்திரை வைத்திருக்கிறார்கள். கையேட்டில் நாமே குத்திக்கொள்ள வேண்டும். அதற்கு அலைந்ததும் அவர்தான் முதல் ஆள். குழுவில் இப்படி ஒருவர் இருந்தே தீருவார். கடைசியில் நடப்பவரோடு நட.

ஹொங்குவுக்குச் சற்று முன்னால் ஃபுஷிஒகாமி என்ற ஓஜி இருக்கிறது. களைத்து வந்த யாத்திரிகர்கள் கோயில் இருக்குமிடத்தை முதலில் கண்டு தரையில் விழுந்து கும்பிட்ட இடம். வழிகாட்டியாக வந்த பெண் அங்கே ஒரு கதை சொன்னாள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கவிஞர் இசுமி ஷிகிபு இங்கே வரை நடந்து வந்தபோது மாதவிலக்காகிவிட்டது. இனிக் கோயிலுக்குள் போக முடியாதே என்று வருந்தி ஒரு பாட்டுக் கட்டினார். அன்று இரவு குமானோ தெய்வம் கனவில் வந்து, அதனால் ஒன்றுமில்லை, வா என்று பாட்டாலேயே பதில் சொன்னதாம். கதைதான். ஆனால் ஆண் பெண், தீட்டு, தீட்டில்லாமை என்று பார்க்காமல் எல்லோரையும் ஏற்றுக்கொண்ட இடம் என்றுதான் குமானோவுக்குப் பெயர். நம் வீட்டில் அந்த நாட்களில் உன் பாட்டி என்னைக் கொல்லைப்பக்கத்து அறையில் உட்கார வைத்தது நினைவுக்கு வந்தது. நான் உன்னை ஏன் ஒருநாளும் அப்படி உட்கார வைக்கவில்லை என்று நீ கேட்டதேயில்லை.

அதே மலைத்தொடரில் இருக்கும் கோயாசானில் கதை தலைகீழ். 816இல் கூகாய் என்ற துறவி நிறுவிய பௌத்த மடங்களின் ஊர் அது. பெண்களுக்கு உள்ளே இடமில்லை என்ற விதியை அரசு 1872இல்தான் நீக்கியது. விதி இருந்தவரை பெண்கள் ஊரைச் சுற்றியுள்ள மலைமுகட்டில் நடந்து, மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த முகட்டுப் பாதையில் இன்று யாரும் நடக்கலாம். நான் முதலில் அதில்தான் நடந்தேன், பிறகுதான் ஊருக்குள் நுழைந்தேன். நீயும் அந்த வரிசையிலேயே போ.

ஹொங்கு கோயில் முன்பு ஆற்றுத் திட்டில் இருந்தது. 1889 வெள்ளம் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சிய சன்னதிகளை மேட்டுக்கு மாற்றினார்கள். பழைய இடத்தில் இப்போது வெறும் புல்வெளியும், 2000இல் எழுப்பிய கிட்டத்தட்ட 34 மீட்டர் உயர தோரி என்கிற கோயில் முகப்பு வாயிலும் இருக்கின்றன. அந்த எஃகு வாயில் எனக்குப் பிடிக்கவில்லை. புல்வெளி பிடித்தது.

பக்கத்திலேயே யுனோமினே வெந்நீர் ஊற்று. ஓடைமேல் ஒரு சின்ன மரக்குடிசைக்குள் தொட்டி. இரண்டு மூன்று பேர் இறங்கலாம், அரை மணி நேரம்தான், வரிசைப்படி விடுவார்கள். யாத்திரிகர்கள் ஹொங்குவுக்குப் போகுமுன் உடல் தூய்மைக்கு இங்கே குளிப்பது வழக்கம். பெரும்பாலான ஊற்றுகளில் துணியில்லாமல்தான் இறங்க வேண்டும். அதற்கு முன் உடம்பைக் கழுவிக்கொள்ள வேண்டும். துண்டு தண்ணீரில் படக் கூடாது. கூச்சம் இரண்டு நிமிடத்தில் போய்விடும், என்னை நம்பு. தெருவோரம் கொதிக்கும் ஊற்றில் முட்டையும் சர்க்கரைவள்ளியும் வலைப்பையில் கட்டி வேகவைக்கிறார்கள். இரண்டையும் சாப்பிடு.

நாச்சிக்குப் போகிற ஒகுமொதொரி ஏற்றத்தைப் பற்றிப் பயமுறுத்தப் போவதில்லை. அன்று மட்டும் அதிகாலையில் கிளம்பு. போய்ச் சேர்ந்தால் 133 மீட்டர் அருவி. அதன் அடியில் உள்ள சன்னதியில் அருவியேதான் மூலவர். குற்றாலத்தில் தலையைக் கொடுத்து நின்று பழகிய நமக்கு, தள்ளி நின்று கைகூப்பிவிட்டு வருவது கொஞ்சம் கஷ்டம்.

சாப்பாடு. சைவம் என்று சொன்னாலும் குழம்பில் மீன் சாறு இருக்கும், அவர்களுக்கு அது கணக்கிலேயே வராது. பதிவு செய்யும்போதே எழுதிச் சொல். கோயாசான் மடங்களில் கவலையில்லை. கடற்பாசியிலும் காளானிலும் சாறு எடுக்கிறார்கள். எள்ளில் செய்த டோஃபுவை விட்டுவிடாதே. மடங்களில் காலைப் பூஜை உண்டு, சிலவற்றில் ஹோமம் வளர்க்கிறார்கள். அவர்களுடைய குருபரம்பரையில் ஒருவரான வஜ்ரபோதி, 8ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கடல் வழியே சீனம் போனவர். நெருப்பின் முன் உட்கார்ந்தபோது எனக்கு அந்நியமாகத் தோன்றாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

நவம்பர் தொடக்கத்தில் அங்கே இலைகள் சிவக்கும் காலம், மடங்களில் அறை சீக்கிரம் தீர்ந்துவிடும். மலை மேலே குளிரும், கம்பளிச் சட்டை எடுத்துக்கொள். தோழிகளிடம் பேசி முடிவு செய்து, தேதியை இந்த வாரமே எனக்கு எழுது. கல்யாணமாகி ஒரு வருஷத்தில் என்ன மலையேற்றம் என்று உன் மாமியார் கேட்டதாகச் சொன்னாயே, அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன். முடிந்தால் அடுத்த வசந்தத்துக்கு என்னோடு அவரையும் அழைத்துப் போகலாமா என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா