செயலாளரின் ஆண்டறிக்கை: கியாப்போ, மணிலா

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செயற்குழு மாதந்தோறும் கூடியது; வருகைதான் சுமார்.

புதிதாகக் குடிவந்தவர்கள் நம் பேட்டையின் வரலாற்றை அறிக்கையில் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். கியாப்போ என்றால் கறுப்பு நசரேனர் என்னும் இயேசு சிலையும் அதன் ஜனவரி 9 ஊர்வலமும்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். அதை எழுத ஆள் ஏராளம். ஆகவே, நம் குழு இவ்வாண்டு பழைய கட்டடங்களின் கதையை எடுத்துக்கொண்டது.

இன்று கேமரா கடைகளுக்குப் பேர்போன ஹிடால்கோ தெருவில் ஒரு காலத்தில் செல்வந்தர் மாளிகைகள் வரிசைகட்டி நின்றன. 1867-ல் ஃபெலிக்ஸ் ரோஹாஸ் வடிவமைத்த என்ரிகெஸ் மாளிகை அவற்றில் ஒன்று. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பள்ளி அங்கேதான் தொடங்கியது. பின்னாளில் சீரழிந்து, கடைசியில் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, பத்தான் மாகாணத்தில் ஒரு சொகுசு விடுதி வளாகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வீடாவது தப்பியதே என்றார்கள் குழுவில் சிலர். எனக்கு மனம் ஆறவில்லை. நம் தெரு வீட்டைப் பார்க்க நாமே கட்டணம் கட்டி உள்ளே போக வேண்டியிருக்கிறது.

பவுத்திஸ்தா தெருவில் நக்பில்-பவுத்திஸ்தா இல்லம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 1914-ல் ஆர்காதியோ அரெல்லானோ கட்டியது. வீட்டுக்காரருக்குப் பரிசாக வந்த வியன்னா பாணி நாற்காலி மேசைகளுக்குப் பொருந்தும்படி வீட்டு அலங்காரத்தையே அமைத்தார்கள்! கத்திபுனான் புரட்சி இயக்கத்தின் ஆவணங்களைக் காத்த கிரெகோரியா தெ ஹெசுஸ், அவ்வியக்கத் தலைவரான தம் முதல் கணவர் போனிஃபாசியோ மறைந்தபின் இசையமைப்பாளர் ஹூலியோ நக்பிலை மணந்து இங்கு வாழ்ந்தார். இப்போது அருங்காட்சியகம். உறுப்பினர்களில் பாதிப்பேர் இன்னும் உள்ளே போனதில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

சான் செபாஸ்தியான் தேவாலயம் 1891-ல் முடிந்தது. நிலநடுக்கங்கள் முந்தைய கட்டடங்களைச் சாய்த்ததால், பெல்ஜியத்திலிருந்து கப்பலில் எஃகு தருவித்துக் கட்டினார்கள். நிலநடுக்கத்தைத் தாங்கிய எஃகை மழைநீர் அரிக்கிறது: உள்ளே பொள்ளலான தூண்களில் நீர் இறங்கித் துரு பிடிக்கிறது. வெளியே வண்ணம் பூசினால் அது தீராது.

பொன் மசூதி 1976-ல், லிபியத் தலைவர் கடாபி வருவார் என்று எழுப்பப்பட்டது. அவர் வரவில்லை, தெற்கே மிந்தனாவோ தீவிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் வந்தன. அந்தப் பக்கத்திலிருந்து நம் சங்கத்தில் இதுவரை ஒருவரும் இல்லை. இது நம் குறை.

பழைய வீடுகளுக்குப் பெயர்ப்பலகை வைக்க அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. மறுபடி எழுதியிருக்கிறோம். பழைய புகைப்படம் வைத்திருப்பவர்கள் கொடுத்து உதவுங்கள். படியெடுத்துத் திருப்பித் தருவோம். படம் கொடுக்க வரும் அன்றே சந்தா பாக்கியையும் கட்டிவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்