குதிரை மண்ணாகவே இருக்கட்டும்: திருப்பணிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பணிக் குழுப் பெரியவர்களுக்கு வணக்கமுங்க.

கருப்பணசாமி கோயில் மண் குதிரைகளை எடுத்துவிட்டு, சிமென்டில் இரண்டு பெரிய குதிரை கட்டப்போவதாகக் கேள்விப்பட்டேன். கால் விரிசல் விட்டுவிட்டது, காது போய்விட்டது என்கிறீர்கள். சரி, காது போனது உண்மைதான். ஆறாவது படிக்கும்போது நான்தான் தொங்கி உடைத்தேன். அதற்கு என் அமுச்சி, அம்மாவைப் பெற்றவள், வேண்டிக்கொண்ட சேவல் தனிக்கதை.

நான் சுடுமண் சிற்பம் செய்து பிழைக்கிறவள். இந்த வடிவமெல்லாம் எங்கே பிடித்தாய் என்று கண்காட்சிக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். நம் கொறங்காட்டில்தான், மாடு மேயும் அந்த வேலியடைத்த மேய்ச்சல் காட்டில்தான். கருவேல மரத்து நெற்று விதைக்கு விதை இடுங்கி நிற்குமே, அதுதான் என் குடுவைகளின் கழுத்து. காங்கேயம் காளையின் சாம்பல் உடம்பு திமிலுக்கு வரும்போது கறுத்துவிடும். அந்த நிறத்தைப் புகையில் கொண்டுவர நான்கு சூளை வீணானது. நொய்யல் கரைக் கொடுமணலில் தோண்டியெடுத்த கறுப்பு சிவப்புப் பானைகளைப் பார்த்த பிறகுதான் வழி பிடிபட்டது. காற்றுப்பட்ட வெளிப்பக்கம் சிவக்கிறது. கவிழ்த்துவைத்ததால் காற்றுப்படாத வாயும் உள்பக்கமும் கறுக்கின்றன.

பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர் அது. அங்கே பானை ஓட்டில் கீறிய பெயர்களை இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் வாசிக்க முடிகிறது. மண் தாங்காது என்று உங்களிடம் யார் சொன்னது? சிமென்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதினால் குதிரை தானே பிளந்துவிடும்.

நம் குதிரையின் வயிற்றில் ஓர் ஓட்டை உண்டு, பார்த்திருப்பீர்கள். கால்களைச் சக்கரத்தில் குழாயாக இழுத்து, உடம்பை மண் திரி அடுக்கி, உள்ளே கூடாக விடுவார்கள். கெட்டியாகச் செய்தால் உள்ளே நிற்கும் ஈரம் சூளையில் ஆவியாகி வெடித்துவிடும். சின்ன வயதில் அந்த ஓட்டையில் கைவிட்டுப் பார்த்தேன். வெளியே வழுவழுவென்று வழித்தவர் உள்ளே அப்படியே விட்டிருந்தார். அவர் விரல் அழுத்திய பள்ளங்கள் வரிசையாக இருந்தன. என் விரல் அதில் பாதிதான் நிறைந்தது. மண் வேலைக்கு நான் வந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

உடுமலைப் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் மாட்டுப் பொங்கலுக்கு இன்றும் மண் உருவாரம், அதாவது வேண்டுதலுக்குச் செய்த மண் பொம்மை, வைக்கிறார்கள். அந்த வேண்டுதல் இருக்கிறவரை அங்கே செய்கிறவர்களுக்கு வேலையும் இருக்கும். நம் ஊரிலும் மண்ணுடையார் வீட்டில் சக்கரம் சுற்றுகிறது. ஆனால் அடுப்பும் கார்த்திகை விளக்கும்தான். குதிரை செய்யத் தெரிந்த கை அந்த வீட்டில் இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. புதுக் குதிரையை அவரிடம் கொடுங்கள், பேரன் கூட இருந்து கற்றுக்கொள்வான். பழையதை வேப்பமரத்தடியில் நகர்த்தி வைத்தால் போதும். எனாமல் பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள். மண் இழுத்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் பொருக்குத் தட்டி உரியும்.

மண்பாண்டம் செய்கிறவர்கள் குளத்து மண்ணைக் கட்டணமில்லாமல் எடுக்க அரசே அனுமதிக்கிறது. வட்டாட்சியருக்கான மனுவை நான் எழுதித் தருகிறேன். இந்த வேலை எனக்கு வேண்டும் என்று கேட்கவில்லை, என்னுடையது கேஸ் சூளை. ஆள் உயரக் குதிரை அதற்குள் நுழையாது.

சிமென்ட் மூட்டை இறக்கியாகிவிட்டது என்று தெரியும். மடப்பள்ளிச் சுவர் மூன்று மழையாக ஒழுகுகிறது. அதைப் பூசிவிடலாமுங்க.

இப்படிக்கு,
காதை உடைத்த உங்கள் ஊர்ப் பிள்ளை