குழாயை ஒரு முழம் இறக்கிப் போடுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய ஊராட்சித் தனி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்க் குடிநீர்க் குளமான ஊருணிக்குத் தண்ணீர் வராத விஷயம்தான். மனு, ஆகஸ்ட் 15 கிராம சபைத் தீர்மானம், போட்டோ எல்லாம் உங்கள் அலுவலகத்தில் இருப்பதால் பழைய கதையைத் திரும்பச் சொல்லவில்லை. போன வாரம் மழை பெய்ததே, அதன்பிறகு பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

ராத்திரி முழுக்க நல்ல மழை. விடிந்ததும் ஊரே ஊருணிக் கரைக்கு ஓடியது. உள்ளே கணுக்கால் அளவுக்குக் கலங்கல். அதுவும் வானத்திலிருந்து நேராக விழுந்தது. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் ஒரு சொட்டு வரவில்லை. போய்ப் பார்த்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஆடியில் ரோடு போட்டபோது வரத்துக்காலின் குறுக்கே பதித்த சிமென்ட் குழாய், கால்வாய்த் தரையைவிட ஒரு முழம் உயரத்தில் இருக்கிறது. எங்கள் ஊர்க் கொத்தனார் டியூப் மட்டம் பிடித்துக் காட்டினார். தண்ணீர் அவ்வளவு ஏறினால்தான் குழாய்க்குள் நுழையும். அதற்குள் பக்கத்து மிளகாய்க் கொல்லைக்குள் பாய்ந்துவிடுகிறது. அந்தக் கொல்லையில் போட்ட விதை அழுகிவிட்டது, இங்கே ஊருணியும் காய்கிறது. ஒரே குழாயில் இரண்டு நஷ்டம்.

குழாயை ஒரு முழம் இறக்கிப் போடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

இந்த ஊருணியை நாங்கள் எப்படித் தூர்வாரினோம் என்பது உங்களுக்குத் தெரியும். வேலை முடிந்த அன்று மரக்கன்று நட நீங்களே வந்திருந்தீர்கள். தலைக்கட்டுக்கு 2,000 ரூபாய் வரி போட்டோம். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் ஜேசிபி வாடகையை ஏற்றுக்கொண்டார்கள். சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கினோம். மேலத்தெருப் பாட்டி ஒருவர் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் வாழ்பவர். அவரிடம் வரி வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை, இரண்டு தவணையாகக் கொடுத்துத் தீர்த்தார். அதே பாட்டி இன்றைக்கும் வண்டித் தண்ணீருக்குக் காத்து நிற்கிறார், குடம் 12 ரூபாய். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் எங்கள் தெருவிலும் இருக்கிறது. கடைக்கோடி ஊர் என்பதால் அதில் பெரும்பாலும் காற்றுதான் வருகிறது. கேட்டால் 'பிரஷர் இல்லை' என்கிறார்கள்.

1858-ல் வெள்ளைக்காரன் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்று போட்டான். ஊர் கூடிக் குளம், வாய்க்காலைச் சீர்செய்யும் குடிமராமத்துக்கு வராதவனிடம் வேலை மதிப்பில் இரண்டு மடங்கு வசூலிக்க அதில் வழி இருந்தது. இப்போது அந்தத் தொல்லையே இல்லை. யாரும் கூப்பிடாமலே ஊர் கூடி மண் வெட்டுகிறது. அதற்குப் பரிசாக அரசாங்கமே குறுக்கே குழாய் வைத்து அடைக்கிறது. மனு போட்டால், 'தங்கள் மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது' என்று செல்போனுக்குக் குறுஞ்செய்தி வருகிறது. மனு முடிந்துவிட்டது, சரி. குழாய்?

ஊராட்சித் தலைவர் என்று ஒருவர் இருந்தால் வீட்டு வாசலில் போய் நின்றிருப்போம். 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. அந்தப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் 243-இ சொல்கிறது. முடிந்தும் நடக்கவில்லை. ஒன்றியத்தில் இருக்கிற அத்தனை ஊராட்சிக்கும் நீங்கள் ஒருவரே தலைவர், உறுப்பினர், எல்லாம். 2016-லிருந்து 2019 வரைக்கும் இதே கூத்துத்தான். ஓட்டுக் கேட்டு வந்தவர் என்றால் அடுத்த ஓட்டுக்காவது பயப்படுவார். உங்களுக்கு எங்கள் ஓட்டு எதற்கு?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். தேர்தலை நிறுத்தியது நீங்கள் இல்லை. உங்கள் வேலைப் பளுவும் தெரியும். ஆனால் இந்தக் குழாய் உங்கள் கையெழுத்தில் தீருகிற விஷயம்.

நாங்களே உடைத்து இறக்கிப் பதித்திருப்போம். அரசுச் சொத்து, கை வைத்தால் கேஸ் ஆகும் என்று ஊராட்சிச் செயலர் எச்சரித்தார். அவர் சொல்வதும் நியாயம்தான். அதனால் இரண்டில் ஒன்றைச் செய்து கொடுங்கள். ஓவர்சியரை அனுப்பி நீங்களே குழாயை இறக்கிப் போடுங்கள். இல்லையென்றால் நாங்கள் செய்துகொள்ள எழுத்துமூலம் அனுமதி கொடுங்கள். ஜேசிபி, கொத்தனார், சிமென்ட் செலவு ஊரைச் சேர்ந்தது. ரோட்டைப் பழையபடி மூடித் தருவதும் எங்கள் பொறுப்பு.

ஐப்பசி மழை போய்விட்டது. கார்த்திகை மழையாவது ஊருணிக்குள் வர வேண்டும். தயவுசெய்து இந்த வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள், குறுஞ்செய்தியாக இல்லாமல்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள் சார்பில்,
ஊருணிக் குழுவில் ஒருவன்