சண்டிகருக்கு ஒரு தமிழ்க் கடிதம்

மயிலாடுதுறை
12-10-2025

அன்புள்ள விஜிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. முழங்கால் வலியால் எழுதவில்லை என்று சொல்லலாம். எழுதுவதற்குக் கைதானே வேண்டும் என்று நீ கேட்பாய். உன் தம்பியின் கிரெடிட் கார்டு பாக்கி கட்டக் கட்டக் குறையவில்லை என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும், நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு கதையை உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும் என்றாகிவிட்டது. அதற்குத்தான் இத்தனை நாள் தயங்கினேன்.

இங்கே குறுவை அறுவடையில் ஊரே மும்முரமாக இருக்கிறது. கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் மூட்டைகள் மழைக்குப் பயந்து தார்ப்பாய்க்குள் கிடக்கின்றன. அடுத்த வாரம் ஐப்பசி பிறந்துவிடும். துலாக் கட்டத்துக்குக் கூட்டம் வர ஆரம்பித்தால் தெருவில் நடக்க முடியாது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2023 மே மாதம் நான் ஓய்வு பெற்றேன் இல்லையா? பணிக்கொடையில் கொஞ்சத்தை வைப்புத் தொகையாகப் போடலாமென்று அடுத்த மாதம் வங்கிக்குப் போனேன். எந்த வங்கி என்று கேட்காதே. பணம் இன்னும் அங்கேதான் இருக்கிறது, பெயரை எழுதினால் இவர் கோபித்துக்கொள்வார். கழுத்தில் டை கட்டிய பையன் ஒருவன் வந்தான். "மிஸ், உங்களுக்கு லைஃப்டைம் ஃப்ரீ கார்டு வந்திருக்கு" என்றான். அந்த 'மிஸ்'ஸிலேயே விழுந்துவிட்டேன். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளிடம் "கேள்வியை இரண்டு தரம் படி" என்று கத்தியவள், அன்று ஒரு தரம்கூடப் படிக்கவில்லை.

கார்டு கூரியரில் வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன். ஓடிபி போட்டு உயிர் கொடுக்கவும் இல்லை, ஒரு ரூபாய்க்குத் தேய்க்கவும் இல்லை. மறந்தே போனேன்.

இந்த வருஷம் ஜனவரியில் ஒரு நாள், இரவு எட்டரை மணி இருக்கும், ஒரு பெண் போன் செய்தாள். 4,863 ரூபாய் பாக்கி, ஏழு மாதமாகக் கட்டவில்லை, நாளை வீட்டுக்கு ஆள் வரும் என்றாள். ஆயுசுக்கும் இலவசம் என்றானே என்று கேட்டால், அது முதல் வருஷத்துக்கு மட்டுமாம். இரண்டாம் வருஷக் கட்டணம் 499 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 588 ரூபாய் 82 காசு. அதைக் கட்டாததற்குத் தாமதக் கட்டணம், அதற்கும் ஜிஎஸ்டி, எல்லாவற்றுக்கும் வட்டி, வட்டிக்கும் ஜிஎஸ்டி. பில்லெல்லாம் பெரியவன் எனக்கு ஆரம்பித்துக் கொடுத்த மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. நான் அதைத் திறந்தே பார்த்ததில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இவர் போனை வாங்கி, கூகுள் பேயில் அந்த நிமிஷமே முழுப் பணத்தையும் கட்டிவிட்டேன். "ஆள் வரும்" என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. எங்கள் அப்பா மளிகைக் கடை பாக்கிக்காக அந்தத் தெருவையே விட்டுச் சுற்றிப் போவார், நீயும் பார்த்திருக்கிறாய். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்குப் பாக்கி என்று யாராவது சொன்னால் அது நம் பாக்கிதானா என்று கேட்கவே தோன்றாது. கட்டிவிட்டுத்தான் மூச்சு வரும். அவர்கள் இதை நம்பித்தான் பிழைக்கிறார்கள் விஜி. ஐநூறு ரூபாயில் ஆரம்பிக்கிற பாக்கிக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகமாட்டார்கள், வெட்கப்பட்டுக் கட்டிவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

அத்தோடு போயிருந்தால் உனக்கும் சொல்லியிருக்கமாட்டேன். பிப்ரவரியில் பெரியவன் தாம்பரத்தில் வீட்டுக் கடனுக்கு அலைந்தான். என் பென்ஷனையும் கணக்கில் காட்டலாமென்று என்னையும் சேர்த்து விண்ணப்பித்தான். கடன் கொடுக்கிறவர்கள், "அம்மா பெயரில் சிபில் ரிப்போர்ட்டில் தாமதம் காட்டுகிறதே" என்று சொல்லிவிட்டார்கள். யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று குறித்துவைக்கிற நிறுவனம்தான் சிபில். ஒரு நாள் சம்பளத்துக்கு முன்பணம்கூட வாங்காத என்னைப் போய்! அன்றுதான் எனக்குக் கோபம் வந்தது. பணம் போனபோது வராத கோபம் பெயர் போனபோது வந்தது.

பெரியவன் ரிசர்வ் வங்கியின் விதிகளை அச்செடுத்துக் கொடுத்தான். 2022 ஏப்ரலில் வெளியிட்டது, கிரெடிட் கார்டுக்கும் டெபிட் கார்டுக்குமானது. கடிச்சு முழுங்க முடியாத ஆங்கிலம். விடைத்தாள் திருத்துகிற மாதிரி சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் என் கதை அப்படியே அதில் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். கொடுத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் கார்டை நாம் இயக்கவில்லை என்றால், வேண்டுமா வேண்டாமா என்று ஓடிபி மூலம் நம் சம்மதத்தைக் கேட்க வேண்டும். சம்மதம் வரவில்லை என்றால் ஏழு வேலை நாளுக்குள் ஒரு செலவும் வைக்காமல் கணக்கை அவர்களே மூடிவிட வேண்டும். இயக்காத கார்டைப் பற்றி சிபில் மாதிரி நிறுவனங்களுக்குத் தகவலே தரக்கூடாது. ஆண்டுக் கட்டணம் கேட்பதற்கே அங்கே கணக்கு இருந்திருக்கக் கூடாது! "வீட்டுக்கு ஆள் வரும்" என்றாளே, அந்த மாதிரி வசூல்காரர்கள் காலை எட்டுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்று வேறொரு சுற்றறிக்கை சொல்கிறது.

கிளைக்குப் போனேன். "கார்டு டிபார்ட்மென்ட் வேற மேடம், நாங்க வேற" என்றார்கள். கார்டு விற்கும்போது மட்டும் ஒன்றாக இருந்தார்கள் போலிருக்கிறது. கஸ்டமர் கேரில் எண்களை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் தேய்ந்ததுதான் மிச்சம். பிறகு எழுத்தில்தான் கேட்பது என்று முடிவு செய்தேன். புகார் எண் கேட்டு வாங்கினேன். தேதி, தொகை, விதி, எனக்கு என்ன வேண்டும், இவ்வளவும் ஒரே பக்கத்தில். டை கட்டிய பையனைப் பற்றிய வருத்தத்தையெல்லாம் அதில் எழுதவில்லை. அதற்குத்தான் நீ இருக்கிறாயே.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. "நல்லெண்ண அடிப்படையில்" 2,000 ரூபாய் திருப்பித் தருகிறார்களாம். இவர், "வந்தவரைக்கும் லாபம், விட்டுவிடு" என்றார். எனக்கு அந்த நல்லெண்ணம் என்ற சொல்தான் பிடிக்கவில்லை. என் பணத்தை என்னிடம் தருவதற்கு எதற்கு நல்லெண்ணம்? வேண்டாம், முழுத்தொகையும் வேண்டும், சிபிலில் எழுதியதை எடுக்கவும் வேண்டும் என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு ஒரே மௌனம்.

ஏப்ரலில் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனுக்கு, அதாவது வங்கிகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளருக்கு, எழுதினேன். 2021 நவம்பரில் வங்கி, வங்கியல்லாத நிதி நிறுவனம் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே திட்டமாக ஆக்கிவிட்டார்கள். முதலில் வங்கியிடம் புகார் செய்திருக்க வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, ஒரு வருஷத்துக்குள் அங்கே போகலாம் என்று அப்போது விதி இருந்தது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. கணினியில் அனுப்பலாம், தபாலிலும் அனுப்பலாம். தபால் எல்லாம் சண்டிகரில் செக்டர் 17-இல் இருக்கும் ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குப் போகிறது. எந்த மொழியிலும் எழுதலாம் என்று போட்டிருந்தது. எனக்கு அது போதும். பிரதிகளையெல்லாம் இணைத்து, நல்ல தமிழில், சந்திப் பிழை இல்லாமல், இரண்டு பக்கம் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். தபால்காரத் தம்பி முகவரியைப் பார்த்துவிட்டு, "டீச்சர், பஞ்சாப் பக்கம் சம்பந்தம் பேசுறீங்களா?" என்றான்.

ஜூன் மாதம் வங்கியிலிருந்தே போன் வந்தது. இந்தத் தடவை காலை பதினொரு மணிக்கு, மிகவும் மரியாதையாக. 4,863 ரூபாயும் கணக்கில் ஏறியது. சிபிலில் இருந்த கறையும் போயிற்று, பெரியவனுக்குக் கடனும் கிடைத்தது. கேட்காமல் அனுப்பிய கார்டுக்குப் பில் போட்டால் திருப்பும் தொகையைப் போல் இரண்டு மடங்கு அபராதம் உண்டு. எனக்கு அது கிடையாது, நான்தான் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே. அது நியாயம்தான்.

இனி உன் தம்பி விஷயம். 86,000 ரூபாய் பாக்கி, மாதாமாதம் மினிமம் டியூ, அதாவது கட்டியே ஆகவேண்டிய குறைந்தபட்சத் தொகையை, கட்டியும் குறையவில்லை என்று எழுதியிருந்தாய். எப்படிக் குறையும்? மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வட்டி மட்டும் 3,010 ரூபாய். அதற்கு ஜிஎஸ்டி 542. மினிமம் ஐந்து சதவீதம் என்று 4,300 கட்டினால், அசலில் குறைவது 748 ரூபாய்தான். இதற்கு நடுவில் அதே கார்டில் பெட்ரோல் போட்டால், பாக்கி இருக்கிறவரை அதற்கும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும். முதலில் கார்டைப் பிடுங்கி நீ வைத்துக்கொள். வேறெங்காவது குறைந்த வட்டியில் நகைக்கடன் கிடைத்தால் இதை ஒரே அடியாக அடைப்பது நல்லது.

அந்த வட்டியைத் திருப்பிக் கேட்கலாமா என்றால், முடியாது. வருஷத்துக்கு முப்பது சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்புச் சொன்னது. பதினாறு வருஷம் கழித்து, போன டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பு ஒப்பவில்லை. நூற்றுக்கு நாற்பத்திரண்டு வாங்குகிற ஈட்டிக்காரனை ஊர் என்னவென்று சொல்லும்? ஆனால் என் ஒப்புதலை யார் கேட்டார்கள்? அதில் காலத்தை வீணாக்க வேண்டாம்.

கேட்க முடிந்தவை வேறு. கெடு தேதி தாண்டி மூன்று நாள்வரை தாமதக் கட்டணம் போடக்கூடாது. இரண்டு நாள் தாமதத்துக்கெல்லாம் பிடித்தார்கள் என்று எழுதியிருந்தாயே, அது திரும்பி வர வேண்டிய பணம். பில்லில் பெரும்பகுதியைக் கட்டியிருந்தால் மிச்சப் பாக்கிக்குத்தான் தாமதக் கட்டணம், மொத்தத் தொகைக்கு அல்ல. கட்டாத கட்டணத்தையும் வரியையும் முதலோடு சேர்த்து அதன்மேல் வட்டி போடக்கூடாது. அப்புறம், கார்டோடு சேர்த்துத் தலையில் கட்டினார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்தக் காப்பீடு. போனில் "சரி சரி" என்றதற்கு மாதாமாதம் பிடிக்கிறார்கள் என்றால், தெளிவாகச் சம்மதம் கொடுத்த பதிவைக் காட்டச் சொல். காட்ட முடியாவிட்டால் அதையும் கேட்கலாம். எல்லாம் சேர்த்தால் பத்தாயிரம் தேறுமோ என்னவோ. கடன் தீராது, ஆனால் நகைக்கடன் அவ்வளவு குறையும்.

என் கார்டையும் மூடிவிட்டேன். பாக்கியில்லாத கார்டை, கேட்ட ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அவர்கள் நமக்குத் தரவேண்டும். ஆறாம் நாளே மூடிவிட்டார்கள். இவருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

தீபாவளி கழித்துத் திண்டுக்கல் வருகிறேன். தம்பியிடம் ஒரு வருஷத்து ஸ்டேட்மென்ட்டையும் அச்செடுத்து வைக்கச் சொல். வெட்கப்பட வேண்டாம் என்றும் சொல், அவன் அக்காவின் சிநேகிதியே பட்டவள்தான். சிவப்புப் பேனா நானே கொண்டுவருகிறேன். கண்ணாடியும் மாற்றியாகிவிட்டது, இப்போது பொடி எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது.

அன்புடன்,
உன் ராஜி