சொல்தாக்களின் கண்ணாடிப் பெட்டி எங்கே? ஒரு திறந்த மடல்

புதுச்சேரியில் போர் வரலாற்றுக் காட்சிக்கூடம் நடத்தும் மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

கீழ்த்தளக் கூடத்தில் சன்னலோரமாக இருந்த கண்ணாடிப் பெட்டியை எடுத்துவிட்டீர்கள். எந்தப் பெட்டி என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து கடல் கடந்து போன நம்மூர் சொல்தாக்களின், அதாவது படைவீரர்களின், குடும்பத்தார் கொடுத்த மெடல்கள், புகைப்படங்கள், படைவீரர் கையேடுகள் எல்லாம் அதில்தான் இருந்தன. பெட்டி எங்கே போனது, எப்போது திரும்ப வரும் என்று கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. நேரில் கேட்டால், மேலிடத்தில் சொல்லியிருக்கிறோம் என்கிறார்கள். அந்த மேலிடம் நீங்கள்தான் என்பதால் ஊரறிய உங்களுக்கே எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். அந்தப் பெட்டியைப் பழைய இடத்திலேயே திரும்ப வையுங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் யாருடையது, எங்கிருந்து வந்தது என்று தமிழில் எழுதி வையுங்கள்.

விடுமுறைக் காலத்தில் நீங்கள் நடத்திய சிறுவர் நிகழ்ச்சிகளுக்கு இடம் தேவைப்பட்டது என்பது எனக்குத் தெரியும். பெட்டி இருந்த இடத்தில் இப்போது ஒட்டுப்பலகையில் செய்த பீரங்கி ஒன்று நிற்கிறது. பிள்ளைகள் நீலச் சட்டையும் முக்கோணத் தொப்பியும் அணிந்து அதன்மேல் கை வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் மகிழ்வதை நான் குறை சொல்லவில்லை. நீங்கள் அழைத்துச் செல்லும் கோட்டைச் சுவர் நடையை எல்லோரிடமும் பாராட்டிச் சொல்லியிருக்கிறேன். இன்று பஸ்ஸும் ஆட்டோவும் சுற்றிவரும் புல்வார் சாலைகள் பழைய நகர மதிலின் தடத்தில் போடப்பட்டவை என்பதை அந்த நடையில்தான் என் மகன் தெரிந்துகொண்டான். அப்படிப்பட்ட நிகழ்ச்சியை நடத்தத் தெரிந்த உங்களுக்கு, ஒட்டுப்பலகைப் பீரங்கியை முற்றத்தில் வைக்கலாம் என்பது தோன்றாமல் போனதே என்பதுதான் என் வருத்தம்.

நடந்ததைச் சொல்கிறேன். என் பெரியம்மாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. குருசுக்குப்பத்தில் இருக்கிறார். பெரியப்பா இந்தோசீனாவிலும் (இன்றைய வியட்நாம் பகுதி) பிறகு அல்ஜீரியாவிலும் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியவர். அவர் காலமான பிறகு உங்கள் சார்பில் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். இந்தப் பொருள்கள் பீரோவில் கிடந்தால் கரையான் அரித்துவிடும், எங்களிடம் கொடுத்தால் ஊரே பார்க்கும் என்றார்கள். பெரியம்மா இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கொடுத்தார். இரண்டு மெடல்கள், ஒரு கையேடு, சைகோனில் எடுத்த ஒரு படம். ஒரு மெடலின் நாடா கிழிந்திருந்தது. கொடுப்பதற்கு முந்தைய இரவு அதே நிறத்து நூல் கிடைக்காமல் தன் பட்டுப்புடவையின் முந்தானையிலிருந்து ஓர் இழையை உருவித் தைத்துக் கொடுத்தார். பெட்டிக்குள் அந்த மெடலை உற்றுப் பார்த்தவர்களுக்கு ஓரத்தில் மட்டும் பளபளக்கும் அந்தத் தையல் தெரிந்திருக்கும்.

ஆண்டுதோறும் பெரியப்பாவின் நினைவு நாளில் கோவிலுக்குப் போய்விட்டு அப்படியே உங்கள் கூடத்துக்கும் வந்து அந்தப் பெட்டியின் முன் கொஞ்ச நேரம் நிற்பது அவர் வழக்கம். இந்த ஆண்டும் ஆட்டோ பிடித்து அழைத்து வந்தோம். பெட்டி இல்லை. வரவேற்பில் இருந்த இளைஞர், பொருள்கள் மாடியில் பண்டக அறையில் இருக்கின்றன, பார்க்க வேண்டுமானால் எழுத்து மூலம் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும் என்றார். பொருள்களைக் கொடுத்தவரே இவர்தான் என்றோம். அப்படியானால் ஒப்புகைச் சீட்டைக் கொண்டுவாருங்கள் என்றார். அந்தச் சீட்டு பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. பெரியம்மாவுக்கு இரண்டும் படிக்க வராது. வீட்டில் தேடி எடுத்துக்கொண்டு மறுபடி வந்தோம். இந்த முறை மாடிக்கு வரச் சொன்னார்கள். உங்கள் மாடிப்படி எவ்வளவு செங்குத்து என்பது உங்களுக்கே தெரியும். பாதிப் படிக்கு மேல் அவரால் ஏற முடியவில்லை. பொருளைக் கீழே கொண்டுவந்து காட்டுங்கள் என்று கேட்டதற்கு, வெளியே எடுக்க விதியில் இடமில்லை என்றார்கள். பெரியம்மா பாதிப் படியில் உட்கார்ந்து, "வீட்டிலேயே இருந்திருக்கலாம்" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. வேலைக்கு வந்த அந்த இளைஞரின்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த விதியை எழுதியவர்களிடம் கேட்கிறேன்: கொடுத்தவர் பார்க்க முடியாத இடத்தில் பொருளை வைப்பதற்கா வீடு தேடி வந்து வாங்கிப் போனீர்கள்?

பெட்டி கீழே இருந்த நாளிலும் ஒரு குறை இருந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலிக்கும் ஆளுநர் தூப்ளேவுக்கும் சுவர் நிறைய விளக்கப் பலகைகள் உண்டு. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் உண்டு. இந்தப் பெட்டியில் "உள்ளூர்ப் படைவீரரின் உடைமைகள்" என்பதற்குமேல் எந்த மொழியிலும் எதுவும் இல்லை. பெயர், ஊர், படைப்பிரிவு, போன நாடு எல்லாம் அந்தக் கையேட்டுக்குள்ளேயே எழுதியிருக்கின்றன. அதைத் திறந்து படித்து நான்கு வரி எழுத யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

புதுச்சேரிப் போர்களைப் பற்றிய காட்சிக்கூடத்தில் தமிழ்ப் பலகை இல்லாமல் போனதை என்னால் ஏற்கவே முடியவில்லை. 1748-இல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவென் இந்த நகரை முற்றுகையிட்டதையும் 1760-இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படை நெருங்கிவந்ததையும் உள்ளே இருந்து நாள்தோறும் எழுதியவர் தூப்ளேவின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-இல் தொடங்கிய நாட்குறிப்பை 1761 ஜனவரியில் கோட்டை விழுவதற்குச் சற்று முன்புவரை எழுதினார். எழுதியது தமிழில். அந்த முற்றுகைகளுக்கு இந்த ஊர்க்காரர் தமிழில் எழுதிய சாட்சியம் கையில் இருக்க, அதே முற்றுகைகளை விளக்கும் சுவரில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. முத்தியால்பேட்டையிலிருந்தும் அரியாங்குப்பத்திலிருந்தும் வரும் பள்ளிப் பிள்ளைகள் அங்கே படம் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

கூடத்தின் நடுவில் வைத்திருக்கும் 1760–61 முற்றுகை மாதிரியையே எடுத்துக்கொள்வோம். மதில், அகழி, பீரங்கி மேடை எல்லாம் நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள். அந்த முற்றுகையில் உணவு தீர்ந்துவந்தபோது, 1760 நவம்பர் இறுதியில், லாலி நகருக்குள் இருந்த தமிழ் மக்களை வெளியே துரத்தினார். முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயப் படை அவர்களைத் தாண்டிப்போக விடவில்லை. திரும்பி வந்தால் கோட்டையிலிருந்தும் சுட்டார்கள். இரண்டு படைகளுக்கும் நடுவில் இருந்த வெட்டவெளியில், ஆணும் பெண்ணும் குழந்தையுமாக, புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றபடி பல நாள்கள் கிடந்தார்கள். கடைசியில்தான் கூட் வழிவிட்டார். உங்கள் மாதிரியில் அந்த வெட்டவெளி பச்சை வண்ணம் அடித்துச் சுத்தமாக இருக்கிறது. ஒரு மனித உருவம்கூட அங்கே இல்லை.

கடலூர்ப் போருக்கும் ஒரு பலகை வைத்திருக்கிறீர்கள். 1783 ஜூன் 20 அன்று பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சூப்ரேனின் 15 கப்பல்கள் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸின் 18 கப்பல்களை எதிர்த்து நின்ற கதை அதில் இருக்கிறது. அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 13 அன்று, கடலூர் மதிலுக்கு வெளியே நடந்த தரைப்போர் அதில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அங்கே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் பக்கத்தில் மைசூர்ப் படையும் சிப்பாய்களும் நின்றார்கள். ஆங்கிலேயத் தளபதி ஸ்டூவர்ட்டின் பக்கத்தில் மதராஸ் படைச் சிப்பாய்கள் நின்றார்கள். இரண்டு பக்கமும் நம் மண்ணின் ஆட்கள். அந்த ஆண்டு ஜனவரி 20 அன்றே ஐரோப்பாவில் பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் இடையே சமாதான முன்னொப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. செய்தி கப்பலில் வந்து சேர ஜூன் இறுதி ஆனது. முடிந்துபோன சண்டைக்காகக் கடலூர் மணலில் அத்தனை பேர் செத்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் பலகையில் இருப்பது கப்பல்களின் எண்ணிக்கை.

தளபதிகளுக்கும் ஆளுநர்களுக்கும் இந்த ஊரில் எந்தக் குறையும் இல்லை. லாலிக்குத் தெரு உண்டு, சூப்ரேனுக்குத் தெரு உண்டு, துய்மாவுக்குத் தெரு உண்டு, தூப்ளேவுக்குச் சிலையும் உண்டு. சுற்றுலா வருபவர்கள் அந்தப் பெயர்ப் பலகைகளுக்குக் கீழே நின்று படம் எடுக்கிறார்கள். சொல்தா குடும்பங்களுக்கு இந்த ஊரில் இருந்தவை முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காகக் கடற்கரைச் சாலையில் 1938-இல் திறந்த நினைவுச்சின்னமும் உங்கள் கூடத்துச் சன்னலோரத்தில் இருந்த பெட்டியும்தான். நினைவுச்சின்னத்துக்குப் பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று விளக்குப் போடுகிறார்கள், அந்தப் போர் முடிந்த நாளான நவம்பர் 11 அன்று மலர்வளையம் வைக்கிறார்கள். மறுநாள் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். பெட்டி ஒன்றுதான் வாரம் முழுவதும் திறந்திருந்தது.

இந்தக் கோரிக்கையைப் பெருமை பேசும் கோரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரியப்பா வியட்நாமில் போய் நின்றது தன் நாட்டை மீட்கப் போராடிய மக்களுக்கு எதிராகத்தான். அல்ஜீரியாவிலும் அதுவே. அல்ஜீரியாவைப் பற்றி அவர் வீட்டில் வாய் திறந்ததே இல்லை. கேட்டால் எழுந்து போய்விடுவார். 1954-இல் இங்கே பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. அதே ஆண்டில் அந்தப் பேரரசின் வேறொரு மூலையான அல்ஜீரியாவில் புதிய போர் தொடங்கியது. நம்மூர்க்காரர் சிலர் சம்பளத்துக்காகவும் பென்ஷனுக்காகவும் குடும்பத்துக்காகவும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அதையும் அப்படியே தமிழில் எழுதுங்கள். எங்கள் குடும்பத்துக்கு அதில் மனக்குறை இல்லை. அவரை வீரராக்கி எழுத வேண்டாம். அவர் இருந்தார், போனார், திரும்பி வந்தார் என்பதைப் பெயரோடு எழுதினால் போதும்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. கடற்கரையிலிருந்து சில தெருக்கள் தள்ளியிருக்கும் கட்டடம் உங்களுடையது. உப்புக்காற்று படும் வெண்கலத்தில் பச்சை ஏறும். ஈரம் பிடித்த தாளில் மை கசியும், பூஞ்சை பிடிக்கும். முற்றத்தில் வெள்ளிப் பூச்சு அடித்து நிறுத்தியிருக்கும் இரும்புப் பீரங்கியில், பூச்சு உப்பிப் பெயர்ந்து உள்ளே துரு செதில் செதிலாக உதிர்வதைப் பார்த்தேன். எல்லோர் கண்ணிலும் படும் பொருளுக்கே இந்தக் கதி என்றால், பூட்டிய மாடியறையில் அட்டைப் பெட்டிக்குள் கிடக்கும் கையேட்டின் கதி என்ன? கரையானைக் காட்டித்தான் எங்களிடமிருந்து அதை வாங்கிப் போனீர்கள். பொருள்கள் இப்போது எப்படி இருக்கின்றன என்பதைக் கொடுத்த குடும்பங்களுக்கு முதலில் காட்டுங்கள். அது எங்கள் உரிமை.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடிப் பெட்டியைக் கீழ்த்தளத்தில் பழைய இடத்திலேயே வையுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தமிழில் பெயரும் விவரமும் எழுதுங்கள். கையேடுகளில் உள்ள பிரெஞ்சைப் படித்துச் சொல்ல, பிரெஞ்சுப் பள்ளிகளில் படித்து ஓய்வு பெற்றவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அழைத்தால் காசு வாங்காமல் வந்து உட்கார்ந்து எழுதித் தருவார்கள், நானே பேசி அழைத்து வருகிறேன். பெட்டிக்கு முன்னால் ஒரு நாற்காலியும் போடுங்கள். பார்க்க வருபவர்களில் பலர் வயதானவர்கள்.

வரும் நவம்பர் 11-க்குள் இதைச் செய்து தர வேண்டுகிறேன். அன்று காலை நினைவுச்சின்னத்தில் மலர்வளையம் வைத்து முடிந்ததும் பெரியம்மாவை நேரே உங்கள் கூடத்துக்கு அழைத்து வருவதாக இருக்கிறோம். அதற்குள் முடியாதென்றால், பொருள்களை எங்களிடமே திருப்பிக் கொடுக்கும் நாளையாவது எழுத்து மூலம் தெரிவியுங்கள். ஒப்புகைச் சீட்டு பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
பொருள் கொடுத்த குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த பெண்,
குருசுக்குப்பம், புதுச்சேரி