பள்ளி நாடக மேடைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் பள்ளி மேடைக்கு நாடகக் காட்சித் தட்டிகள் செய்து தருவதாகச் சென்ற பொதுக்கூட்டத்தில் முன்னாள் மாணவர் குழு ஏற்றுக்கொண்ட பொறுப்பு நிறைவேறியது. ஆண்டு விழாவில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தத் தட்டிகளை வைத்துக் கண்ணகி நாடகம் போட்டார்கள். சோழவந்தான் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் நேரில் வந்து பார்த்தீர்கள். திருப்பூரிலும் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு பணம் அனுப்பியவர்களுக்கு, என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்பது தெரிய வேண்டும். அதனால் கணக்கோடு நிறுத்தாமல் வேலையையும் விவரமாக எழுதுகிறோம்.

மேடையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பிரார்த்தனைக் கூடத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் அதே மேடைதான். அகலம் 16 அடி, ஆழம் 9 அடி, தரையிலிருந்து உயரம் 2 அடி. மேடைமேல் நின்றால் 9 அடியில் கூரை வந்துவிடும், ஆகையால் படுதாவை மேலே ஏற்றிச் சுருட்ட வழியில்லை. இடப்பக்கம் சுவர். வலப்பக்கம் மட்டும் ஓர் ஆள் நுழைகிற வாசல். பின்னால் நடைபாதை கிடையாது. இந்த இடத்துக்குள் நாடகம் கேட்டது மூன்று களங்கள்: ஆயர்பாடியில் மாதரி வீடு, மதுரைக் கடைத்தெரு, பாண்டியன் அரசவை. கடைசியில் ஊர் வேறு எரிய வேண்டும்.

அரண்மனைப் படத்தை ஃபிளெக்ஸில் பெரிதாக அச்சடித்து மாட்டிவிட்டால் வேலை சுலபமாக முடியும் என்று உறுப்பினர் சிலர் அக்கறையோடு சொன்னார்கள். குழு பேசிப் பார்த்து வேண்டாம் என்று முடிவு செய்தது. ஃபிளெக்ஸின் பளபளப்பில் விளக்கு பட்டால் ஒளி திருப்பி அடித்துப் படம் வெளுத்துத் தெரியும். தீப்பிடித்தால் அது விடுகிற புகை நஞ்சு. அடுத்த ஆண்டு வேறு நாடகம் என்றால் அதன்மேல் வேறு படம் எழுதவும் முடியாது. பிள்ளைகள் கை படாத ஒன்று அவர்கள் நாடகத்துக்குப் பின்னால் தொங்குவதிலும் எங்களுக்கு மனமில்லை.

வழி சொன்னவர் மதுரையில் ஸ்பெஷல் நாடகங்களுக்கு, அதாவது ஓர் இரவுக்கென்று நடிகர்களைச் சேர்த்துப் போடும் நாடகங்களுக்கு, சீன் கட்டிப் பழகிய பெரியவர் ஒருவர். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் சிறுவர்களை வைத்தே தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை என்ற நாடகக் குழுவை நடத்தத் தொடங்கியது மதுரையில்தான். அந்த வழியில் வந்த நாடகங்கள் இன்றும் நம் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கின்றன. தெரு, காடு, தர்பார், தோட்டம் என்று நாலைந்து படுதாவிலேயே ஓர் இரவுக் கதையை ஓட்டிவிடுகிறார்கள். பெரியவர் நம் மேடையை ஏறிப் பார்த்துவிட்டு, "எந்தச் சீன்ல எது இல்லாட்டி கதை நிக்காது, அதை மட்டும் சொல்லுங்க தம்பி" என்றார். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தமிழாசிரியையும் பிள்ளைகளும் நாடகத்தைக் காட்சி காட்சியாகப் படித்தார்கள். மாதரி வீட்டுக்கு ஒரு திண்ணையும் தயிர் மத்தும் போதும். கடைத்தெருவுக்குப் பொற்கொல்லன் பட்டறை வேண்டும். அரசவைக்கு மன்னன் உயரத்தில் உட்கார வேண்டும், அவனுக்கு எதிரே ஒரு வாயில் வேண்டும். மற்றதெல்லாம் போனது. முதலில் போட்ட பட்டியலில் தேர், நந்தவனம், ஊஞ்சல் எல்லாம் இருந்தன. அவற்றை எடுத்த பிறகு நாடகம் இன்னும் விறுவிறுப்பாக ஓடியது.

மூன்று களத்துக்கும் தனித்தனிப் படுதா என்றால் மாற்றுவதற்கும் இடம் வேண்டும், வைப்பதற்கும் இடம் வேண்டும். அதனால் மூன்று முக்கோணத் தூண்கள் செய்தோம். பழைய கிரேக்க அரங்குகளில் இருந்த முறை இது, பெரியாக்டோய் என்று பெயர். ஒவ்வொரு தூணும் 7 அடி உயரம், ஒவ்வொரு முகமும் இரண்டரை அடி அகலம். ஒரு முகத்தில் ஆயர்பாடி, அடுத்ததில் கடைத்தெரு, மூன்றாவதில் அரசவை. மூன்று தூண்களையும் ஒட்டி நிறுத்தினால் ஏழரை அடிச் சுவர். திருப்பினால் வேறு ஊர்.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பின்னால் வருகிறவர்களுக்காகச் சொல்லி வைக்கிறோம். இரண்டரை அடி முகம் கொண்ட முக்கோணம் நின்ற இடத்திலேயே சுற்ற ஏறக்குறைய 3 அடி வட்டம் வேண்டும். ஒட்டி நிற்கும் தூண்களை அப்படியே சுற்றினால் மூலையோடு மூலை இடிக்கும். ஆகவே அச்சு வைத்துத் தரையோடு பொருத்தாமல், அடியில் மூன்று மூன்று சக்கரம் போட்டோம். நடுத்தூணைக் கொஞ்சம் முன்னால் இழுத்துத் திருப்பிவிட்டு, மற்ற இரண்டையும் திருப்பி, நடுத்தூணைப் பழையபடி உள்ளே தள்ள வேண்டும். திரை போடாமல், மிருதங்கம் வாசிக்கும்போதே பிள்ளைகள் இதைச் செய்தார்கள். இன்ன தூணை இன்னார்தான் திருப்ப வேண்டும் என்று பிரித்துக் கொடுத்ததால் குழப்பமில்லை. சக்கரங்களுக்குப் பூட்டு உண்டு. பூட்டு விழுந்ததா என்று பார்ப்பதற்கே தனியாக ஒரு பிள்ளையை நிறுத்தியிருந்தோம். தூண்கள் சாயாமல் இருக்க அடித்தட்டில் மணல் மூட்டை வைக்க இடம் விட்டிருக்கிறது.

சட்டம் முழுக்க ரீப்பர் கட்டை. நம் ஊர் ஆசாரி பாதிக் கூலிக்குச் செய்து கொடுத்தார், அவருக்குக் குழுவின் நன்றி. மதுரை விளக்குத்தூண் பக்கம் வாங்கிய காடா துணியை இழுத்து ஆணியடித்து, புளியங்கொட்டைப் பசையில் சாக்குப் பொடி (வெள்ளைச் சுண்ணக்கட்டித் தூள்) கலந்து இரண்டு பூச்சு பூசினோம். காய்ந்ததும் துணி விறைத்து வண்ணம் ஏற்கப் பதமாகிவிடும். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்த்தோம். அது விஷம் என்பதால் அந்த வேலையைப் பெரியவர்கள் மட்டும் செய்தோம். வண்ணங்கள் காவி, மஞ்சள் காவி, நீலப்பொடி, விளக்குக் கரி. அவ்வளவுதான். மாதரி வீட்டுக் கூரைக்குத் தென்னை மட்டையடியில் வலைபோல இருக்கும் பன்னாடையைக் கிழித்து ஒட்டினோம். தென்னந்தோப்பு உள்ள ஊரில் அதற்குக் காசு எதற்கு?

அரசவை படம் எழுதியதில் ஓவிய ஆசிரியரின் கைவண்ணத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. முன்வரிசைப் பிள்ளைகள் ஜமக்காளத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள், பெரியவர்கள் நாற்காலியில். எல்லாருமே மேடையைக் கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கிறவர்கள். அதைக் கணக்கில் வைத்துத் தொடுவானக் கோட்டை மேடைத் தரையிலிருந்து 2 அடி உயரத்திலேயே போட்டார். படத்தில் எழுதிய அரண்மனைத் தூண் வரிசையின் கோடுகளெல்லாம் அந்தக் கோட்டில் ஒரு புள்ளிக்கு இறங்கி ஓடின. ஏழடித் தட்டியில் அரண்மனை ஓங்கி நிற்பதுபோலத் தெரிந்தது. தொலைவில் இருக்கிற தூண்களை வெளிறிய நீலத்திலும் அருகில் இருப்பவற்றை அடர்ந்த காவியிலும் எழுதியதால் ஆழமும் கூடியது. ஒரே நிபந்தனை, தட்டியை ஒட்டி யாரும் நிற்கக் கூடாது. நின்றால் கடைசித் தூணைவிடப் பிள்ளை பெரிதாகத் தெரிந்து மாயம் கலைந்துவிடும். அதற்காகத் தட்டியிலிருந்து 3 அடி தள்ளித் தரையில் சாக்பீஸ் கோடு போட்டோம்.

மன்னன் இருக்கைக்கு வகுப்பறை பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை போட்டோம். வேட்டியும் சேலையும் தடுக்காத அளவுக்குப் படி 6 அங்குலம்.

அப்புறம் கண்ணகி எங்கிருந்து வருவது என்ற கேள்வி. வலப்பக்க வாசலில் ஏற்கெனவே காவலரும் பொற்கொல்லனும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். தமிழாசிரியைதான் சொன்னார், அவள் கூட்டத்துக்குள்ளிருந்து வரட்டும் என்று. கூடத்தின் கடைசியிலிருந்து, ஜமக்காளங்களுக்கு நடுவே விட்ட பாதையில், கையில் ஒற்றைச் சிலம்போடு அந்தப் பிள்ளை நடந்து வந்தாள். மேடை அடியில் வாயிற்காவலன் மறித்தான். ஊர் சனமெல்லாம் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. மேடை எவ்வளவு அகலமாக இருந்திருந்தாலும் இந்தக் காட்சி இதைவிட நன்றாக அமைந்திருக்காது என்பது குழுவினர் எல்லாருடைய கருத்து.

சிலம்பைக் காகிதக் கூழில் செய்தோம். கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று நிஜ அளவைவிடப் பெரிதாகவே செய்தோம். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். வழக்கு தீர்வதே அதில்தான், எனவே உடையும்போது சிவப்பு தெரிந்தே ஆக வேண்டும். மணிகள் போட்டால் உருண்டு ஓடிப் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள். சிவப்பு ஜிகினாத் தாளைக் கசக்கி உள்ளே வைத்தோம். உருளவும் இல்லை, விளக்கில் தெறித்தும் தெரிந்தது.

தீக்காட்சியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கூட்டத்தில் இதைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீ 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு பள்ளி மேடையில் கற்பூரமோ தீப்பந்தமோ வைக்க யாருக்கும் கை வரக்கூடாது. கீற்றுப் பந்தலும் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தோம். எரிகிற மதுரையை மேசை மின்விசிறியும், ஆரஞ்சும் சிவப்புமாய் நீளமாகக் கிழித்த துப்பட்டாத் துணியும், கீழிருந்து அடித்த எல்இடி விளக்கின் முன் ஒட்டிய வண்ணத் தாளும் காட்டின. எல்இடி என்பதால் தாள் கருகவில்லை. பழைய ஹாலஜன் விளக்கை அந்த இடத்தில் வைக்கவே கூடாது.

துணியும் பன்னாடையும் எரியக்கூடிய பொருள்கள்தானே. 10 லிட்டர் தண்ணீருக்கு 700 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 300 கிராம் போரிக் அமிலம் என்ற விகிதத்தில் கரைத்து, தட்டிகளின் பின்பக்கமும் பன்னாடை மேலும் நனைய நனையத் தெளித்துக் காய விட்டோம். புதிய தெளிப்பானையே பயன்படுத்தினோம், பூச்சிமருந்து அடித்தது வேண்டாம் என்று. அதே கரைசலில் நனைத்துக் காயவைத்த துண்டுத் துணியை மைதானத்தில் கொளுத்திப் பார்த்ததில், தீக்குச்சி பட்ட இடம் கருகியதே தவிரத் தீ பரவவில்லை. தண்ணீர் பட்டால் இந்தக் காப்பு கரைந்து போகும். மழையில் நனைந்தாலும் ஈரத்துணியால் துடைத்தாலும் திரும்பத் தெளித்தாக வேண்டும். நாடகத்தன்று கூடத்தின் இரண்டு கதவுகளும் திறந்தே இருந்தன, மணல் வாளிகளும் தண்ணீர் வாளிகளும் மேடையோரம் இருந்தன.

இனி கணக்கு. உறுப்பினர் நன்கொடை 21,500 ரூபாய். செலவில் ரீப்பர், பலகை, ஆணி வகைக்கு 6,850. காடா துணி 2,200. வண்ணம், பசைச் சாமான், வெங்காரம், அமிலம், தெளிப்பான் 1,940. பூட்டுச் சக்கரம் ஒன்பதும் 990. ஆசாரி கூலி 3,000. எல்இடி விளக்கு நான்கு 2,600. ஒயர், சுவிட்சு பலகை 1,150. முன்திரைக்குக் கம்பி, வளையம், கயிறு 780. வேலை செய்தவர்களுக்கு டீ, சாப்பாடு 640. ஆக மொத்தம் 20,150 ரூபாய். கையிருப்பு 1,350. ரசீதுகள் பொருளாளரிடம் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

தட்டிகளும் தூண்களும் இப்போது பள்ளியின் சொத்து. மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் செங்கல்மேல் நிறுத்தி, பழைய சேலையால் மூடி வைத்திருக்கிறோம். சாவி தலைமையாசிரியரிடம். வேறு நாடகம் போடும்போது முகங்களின் மேல் சாக்குப் பொடிப் பூச்சு கொடுத்து, புதிதாகப் படம் எழுதிக்கொள்ளலாம். பக்கத்து ஊர்ப் பள்ளிகள் கேட்டால் கொடுக்கலாம் என்று குழு கருதுகிறது. வண்டி வாடகை அவர்களுடையது, மழைக்காலத்தில் தார்ப்பாய் கட்டாயம், திரும்பி வந்ததும் கரைசல் தெளிக்க வேண்டும். இதற்கு உறுப்பினர்களின் ஒப்புதல் தேவை. கையிருப்பில் இரண்டு பக்கத் தட்டிகள் கூடுதலாகச் செய்யலாமா, அடுத்த நாடகத்தின் வண்ணத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்பதையும் வரும் பொதுக்கூட்டத்தில் முடிவு செய்வோம். வர இயலாதவர்கள் தங்கள் கருத்தைச் செயலாளருக்கு முன்கூட்டியே தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்